பங்காளிகளாய்த் தொடங்கியவர்கள்: ரஷ்ய லிபரல் எதிர்ப்பாளர்களும் கிரெம்ளினும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2024 பிப்ரவரி 16 அன்று, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கார்ப் என்ற ஊரின் சிறையில், புதினை எதிர்த்த ரஷ்ய அரசியல்வாதி அலெக்ஸி நவால்னி இறந்துபோனார். அவருக்கு வயது 47. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, தெரிந்தவர்கள் பலர் என்னிடம் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்டுவருகிறார்கள். புதினை எதிர்க்கும் இந்த லிபரல்கள் யார், ஏன் சாகிறார்கள், மக்கள் ஏன் இவர்கள் பின்னால் திரளவில்லை, இவர்களுக்குப் பின்னால் அமெரிக்கா இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

ரஷ்யாவில் 'லிபரல்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

நம் ஊரில் தாராளவாதி என்றால் ஒரு பொருள் வரும், அமெரிக்காவில் வேறு பொருள் வரும். ரஷ்யாவில் அந்தச் சொல் 1990களில் உருவான ஒரு கூட்டத்தைக் குறிக்கிறது. சந்தைப் பொருளாதாரம், போட்டியுள்ள தேர்தல், சுதந்திரமான நீதிமன்றம், மேற்கு ஐரோப்பாவோடு நெருக்கம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கேட்பவர்கள் அவர்கள். அதில் முதல் விஷயத்தை மட்டும் பெரிதாக நினைத்தவர்கள் ஒரு பக்கம் போனார்கள். மற்ற மூன்றும் இல்லாமல் முதலாவது நிற்காது என்றவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்தப் பிளவில்தான் விதை இருக்கிறது.

இன்று ரஷ்யத் தொலைக்காட்சியில் 'லிபரல்' கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல்.

இவர்களும் ஆளும் கூட்டமும் ஆரம்பத்திலிருந்தே எதிரிகளா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். இது பங்காளிச் சண்டையாகத் தொடங்கியது. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே சொத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள்.

புதின் அரசியலுக்குள் வந்ததே ஒரு லிபரலின் கையைப் பிடித்துத்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேயர் அனத்தோலி சோப்சாக், சோவியத்தின் கடைசி ஆண்டுகளில் ஜனநாயகக் குரலாக எழுந்த சட்டப் பேராசிரியர். கேஜிபியிலிருந்து வந்த தன் பழைய மாணவரைத் துணை மேயராக்கியது அவர்தான். 2000-இல் சோப்சாக்கின் இறுதிச் சடங்கில் புதின் கண் கலங்கி நின்ற காட்சியை ரஷ்யாவே பார்த்தது. அந்த சோப்சாக்கின் மகள் க்சேனியா 2018-இல் புதினுக்கு எதிராக அதிபர் தேர்தலில் நின்று 1.68 சதவீதம் வாங்கினார்.

அடுத்தது போரிஸ் நெம்சோவும் செர்கேய் கிரியென்கோவும். இருவருக்கும் களம் வோல்கா கரையிலுள்ள நீழ்னி நோவ்கரத். நெம்சோவ் இயற்பியலாளர், 1991-இல் அந்த மாகாணத்தின் ஆளுநரானபோது வயது 32. 1997-இல் அப்போதைய அதிபர் யெல்ட்சின் அவரை முதல் துணைப் பிரதமராக மாஸ்கோவுக்கு அழைத்தார். அடுத்த அதிபர் இவர்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. தன்னோடு கிரியென்கோவையும் அவர் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். 1998-இல் கிரியென்கோ 35 வயதில் பிரதமரானார். அதே ஆகஸ்டில் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது, பதவி போனது. மறு வருடம் இருவரும் சேர்ந்து 'வலதுசாரி சக்திகளின் ஒன்றியம்' என்ற லிபரல் கூட்டணியைக் கட்டினார்கள். 1999 தேர்தலில் அது எட்டரை சதவீதம் வாங்கியது. அன்று அவர்கள் வைத்த கோஷம்: 'கிரியென்கோவை டூமாவுக்கு அனுப்புவோம், புதினை அதிபராக்குவோம்.' (டூமா என்பது நாடாளுமன்றத்தின் கீழவை.) லிபரல்களே போட்ட கோஷம் இது.

கிரியென்கோ அதிபரின் பிரதிநிதியானார். பிறகு 2005 முதல் 2016 வரை ரோசாட்டம் தலைவர். நம் கூடங்குளம் அணு உலைகளைக் கட்டும் அதே ரோசாட்டம்தான். 2016 முதல் அதிபர் மாளிகையில் உள்நாட்டு அரசியலை நடத்துபவர் அவரே. எந்த வேட்பாளர் நிற்கலாம், எவர் நிற்கக்கூடாது என்ற முடிவுகள் அவர் மேசை வழியாகப் போவதாக ரஷ்யப் பத்திரிகையாளர்கள் எழுதுகிறார்கள். அவரைத் தலைநகருக்குக் கூட்டிவந்த நெம்சோவ், கிரெம்ளின் சுவருக்கு எதிரே ஒரு பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு நண்பர்கள்.

அப்படியென்றால் எப்போது பிரிந்தார்கள்?

மூன்று படிகளில். 2001 ஏப்ரலில் என்டிவி தொலைக்காட்சியை அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைப்பற்றியது. செச்சென்யப் போரைத் துணிந்து காட்டிய தேசிய அலைவரிசை அது ஒன்றுதான். அப்போதே லிபரல்களில் பாதிப் பேர், 'இது ஒரு முதலாளியின் கடன் தகராறு' என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இரண்டாவது, யூகோஸ் எண்ணெய் நிறுவனம். 2003 பிப்ரவரியில் கிரெம்ளினில் நடந்த ஒரு கூட்டத்தில், நாட்டின் பெரும் பணக்காரரான மிகயீல் கோதர்கோவ்ஸ்கி தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஒரு கொள்முதலைச் சுட்டி ஊழலைப் பற்றிக் கேட்டார். அதே காலத்தில் எதிர்க்கட்சிகளுக்குப் பணமும் கொடுத்துவந்தார். அக்டோபர் 25 அன்று நோவசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் அவர் விமானத்துக்குள் ஏறிக் கைது செய்தார்கள். 10 ஆண்டு சிறை. அவர் நிறுவனத்தின் மையமான எண்ணெய் வயல்கள், யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்துக்கு 2004 டிசம்பரில் ஏலம் போய், சில நாட்களில் அரசின் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்குள் போய்ச் சேர்ந்தன. மற்ற பணக்காரர்களுக்குப் பாடம் புரிந்தது: சம்பாதிக்கலாம், அரசியல் பேசக்கூடாது.

மூன்றாவது, 2003 டிசம்பர் 7 தேர்தல். கிரிகோரி யாவ்லின்ஸ்கியின் யாப்லகா கட்சி 4.3, நெம்சோவின் கூட்டணி 4. தேவை 5 சதவீதம். நூலிழையில் இரண்டும் டூமாவுக்கு வெளியே. அன்று வெளியே போனவர்கள் கட்சியாக மறுபடி உள்ளே வரவே இல்லை. அடுத்த ஆண்டு பெஸ்லான் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு ஆளுநர் தேர்தல்களும் ரத்தாயின. டூமா நுழைவுக்கான வரம்பு 7 ஆக உயர்ந்தது. வாக்குச்சீட்டில் 'எவருக்கும் இல்லை' என்றிருந்த கட்டத்தையும் 2006-இல் எடுத்துவிட்டார்கள். பிரதமராக இருந்த மிகயீல் காஸ்யனோவ் 2004-இல் நீக்கப்பட்டு எதிரணிக்கு வந்தார். 2008 அதிபர் தேர்தலில் நிற்க அவருக்கு இடம் தரவில்லை.

மக்கள் ஏன் லிபரல்களை நம்பவில்லை? பிரச்சாரம் மட்டும்தான் காரணமா?

பிரச்சாரம் உண்டு. ஆனால் அது வெறும் தரையில் முளைக்கவில்லை. இந்த எதிர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள மதிப்புக் குறையாமல் சொல்கிறேன்: 1990களின் கணக்கை லிபரல்கள் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த ஆண்டின் பணவீக்கம் சுமார் 2,500 சதவீதம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு ரொட்டி வாங்கப் போதாத காசாயிற்று. பாட்டிகள் மெட்ரோ வாசலில் வீட்டுப் பாத்திரங்களையும் கம்பளிக் காலுறைகளையும் விற்று நின்றார்கள். பொதுச் சொத்தில் உங்களுக்கும் பங்கு என்று ஆளுக்கொரு வவுச்சர் கொடுத்தார்கள். தனியார்மயத்தை நடத்திய அனத்தோலி சுபைஸ், ஒரு வவுச்சரின் மதிப்பு இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்றார். பலர் அதை வோட்கா பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1995-இல் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிகள், அடமானமாக வந்த எண்ணெய், நிக்கல் நிறுவனங்களை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டன. யூகோஸ் கோதர்கோவ்ஸ்கியின் கைக்கு வந்ததும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 1993 அக்டோபர் 4 அன்று யெல்ட்சின் தன்னோடு மோதிய நாடாளுமன்றத்தின்மேல் டாங்கிகளை ஏவினார். அந்த நாட்களின் மோதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான லிபரல்கள் கைதட்டினார்கள். எதிரே நின்றவர்கள் கம்யூனிஸ்டுகளும் தேசியவாதிகளும் என்பதே போதுமான காரணமாகப் பட்டது. அதன் பிறகு டிசம்பரில் வந்த அரசியல் சட்டம் அதிபருக்கு ஏறக்குறைய கட்டற்ற அதிகாரம் தந்தது. 1996-இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காகத் தொலைக்காட்சிகள் மொத்தமும் யெல்ட்சின் பக்கம் வளைந்தன. நல்ல அதிபர் இருக்கும்வரை எல்லாம் நல்லது என்ற நினைப்பு. புதின் புதிதாக எதையும் கட்டவில்லை, கட்டிவைத்த வீட்டில் குடிபுகுந்தார்.

இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. நவால்னியே 2023 ஆகஸ்டில் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையில், புதினைவிடத் தான் அதிகம் வெறுப்பது வாய்ப்பை விற்றுத் தின்ற 1990களின் ஆட்சியாளர்களையே என்று எழுதினார். யெல்ட்சின், சுபைஸ் எல்லோரையும் பெயர் சொல்லிச் சாடினார். அவருடைய அணிக்குள்ளேயே அது பலருக்கு வலித்தது. எனக்கு அது அவர் எழுதியதிலேயே நேர்மையான எழுத்தாகப் படுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-இல் பீப்பாய் முப்பது டாலருக்குக் கீழே இருந்த எண்ணெய் 2008-இல் நூறைத் தாண்டியது. சம்பளமும் ஓய்வூதியமும் நேரத்துக்கு வந்தன. லிபரல் ஆட்சியில் பசி, புதின் ஆட்சியில் சோறு என்று ஒரு சாதாரணக் குடும்பம் கணக்குப் போட்டால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசுக்குள்ளேயே லிபரல்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். ரஷ்யாவில் அவர்களுக்கு 'அமைப்புக்குள் இருக்கும் லிபரல்கள்' என்று பெயர். 2000 முதல் 2011 வரை நிதியமைச்சராக இருந்த அலெக்ஸி குத்ரின், 2013 முதல் மத்திய வங்கியை நடத்தும் எல்விரா நபியுல்லினா போன்றவர்கள். எண்ணெய்ப் பணத்தைச் சேமிப்பு நிதியில் போட்டுவைத்ததும், தடைகள் வந்தபோது ரூபிளைத் தாங்கிப் பிடித்ததும் இவர்கள் திறமை. அந்தத் திறமை இல்லாமல் இந்த ஆட்சி இத்தனை நாள் ஓடியிருக்காது.

எதிரே இருப்பவர்கள் 'சிலோவிகி': உளவு, காவல், ராணுவம் ஆகிய துறைகளிலிருந்து வந்தவர்கள். இரண்டு அணிக்கும் நடுவில் புதின் நடுவராக உட்கார்ந்திருந்தார் என்பது 2010கள் வரை பொருந்திய வருணனை. பின்னர் தராசு ஒரே பக்கம் சாய்ந்தது. 2016 நவம்பரில் பொருளாதார அமைச்சர் அலெக்ஸி உலுகாயெவ் ரோஸ்நெஃப்ட் அலுவலகத்தில் வைத்துக் கைதானார். 20 லட்சம் டாலர் லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. பெட்டியில் மது பாட்டில் இருப்பதாக நினைத்தேன் என்றார். புகார் கொடுத்த ரோஸ்நெஃப்ட் தலைவர் இகோர் செச்சின் சாட்சி சொல்ல நான்கு முறை அழைத்தும் நீதிமன்றம் வரவில்லை. அமைச்சருக்கு 8 ஆண்டு.

நிகிதா பெலிக் கதை இன்னும் கசப்பு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர், 2009-இல் கிரோவ் மாகாண ஆளுநர் பதவியை ஏற்றார். உள்ளே போய் நல்லது செய்வோம் என்பது நம்பிக்கை. இளம் வழக்கறிஞர் நவால்னியைச் சம்பளமில்லாத ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு நவால்னிமேல் போட்ட மர வியாபார வழக்கு அந்த மாகாணத்தில் நடந்ததாகச் சொன்னவற்றை வைத்துத்தான். பெலிக்கும் 2016-இல் லஞ்ச வழக்கில் கைதாகி 8 ஆண்டு பெற்றார்.

செஸ் வீரர் காஸ்பரோவும் இதில் இருந்தாரா?

ஆமாம். 1995-இல் நியூயார்க்கில் நம் விஸ்வநாதன் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்காக ஆடிய அதே காரி காஸ்பரோவ். 2005-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று நேராக அரசியலுக்கு வந்தார். லிபரல்களையும் தீவிர இடது தேசியவாதிகளையும் ஒரே மேடையில் ஏற்றி 'ஒப்பாதவர்களின் பேரணி' நடத்தினார். சில ஆயிரம் பேர் வந்தால் அதைவிடப் பெரிய போலீஸ் படை நிற்கும். 2013-இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

2011-12-இல் பெரிய கூட்டம் கூடியதே, அது ஏன் தோற்றது?

2011 செப்டம்பர் 24 அன்று அப்போதைய பிரதமர் புதினும் அதிபர் மெத்வெதெவும் தங்களுக்குள் பதவியை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்கள். மெத்வெதெவ் ஆட்சியில் கொஞ்சம் காற்று வருகிறது என்று நம்பிய நகரத்து நடுத்தர மக்களுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. டிசம்பர் 4 டூமா தேர்தலில் கள்ள வாக்குகள் போடுவதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். டிசம்பர் 10 அன்று போலத்னயா சதுக்கம் நிரம்பியது. 24 அன்று சகாரவ் சாலையில் பதவி இழந்திருந்த குத்ரினும் மேடையேறினார். பங்காளிகள் மறுபடி சேர்ந்துவிடுவார்களோ என்று தோன்றிய ஒரே நாள் அது. வெள்ளை ரிப்பன் அணிந்து போராடியவர்களைப் பார்த்து, அதை ஆணுறை என்று நினைத்ததாக புதின் தொலைக்காட்சியில் பரிகசித்தார்.

தோல்விக்கு என் கணிப்பு: மாஸ்கோவுக்கு வெளியே அது வலுவாகப் பரவவில்லை, தொழிற்சாலை நகரங்களுக்குச் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, புத்தாண்டு விடுமுறை வந்ததும் வேகம் தணிந்தது. 2012 மே 6 அன்று, பதவியேற்புக்கு முந்தைய நாள், போலீஸோடு மோதல். முப்பதுக்கும் மேற்பட்டோர்மீது வழக்கு. பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைவர்கள் அல்ல, மாணவர்களும் அலுவலக ஊழியர்களும்தான். யாரையும் பிடிப்போம், காரணம் தேவையில்லை என்ற செய்தி அந்த வழக்கில் இருந்தது.

நவால்னி உண்மையில் லிபரலா?

முழுதாக இல்லை. 2007-இல் யாப்லகா அவரைத் தேசியவாதப் போக்குக்காக நீக்கியது. அந்த நாட்களில் புலம்பெயர்ந்த தொழிலாளரை இழிவாகக் காட்டும் வீடியோவில் அவர் நடித்தார். அது தவறு, அதை மறைக்கத் தேவையில்லை. 2014-இல் கிரிமியா பற்றிக் கேட்டபோது, அது என்ன மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் சாண்ட்விச்சா என்றார். உக்ரைனியர்கள் அதை மறக்கவில்லை. 2023 பிப்ரவரியில் சிறையிலிருந்து, உக்ரைனின் எல்லை 1991-இல் இருந்ததுதான் என்று எழுதினார். மனிதர் வளர்ந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய லிபரல்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது மொழி. அவர்கள் அரசியல் சட்டப் பிரிவுகளைப் பேசினார்கள். இவர் மாளிகைக்கு வாங்கிய கழிவறை பிரஷ்ஷின் விலையைப் பேசினார். ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சிக்கு 'மோசடிக்காரர்களும் திருடர்களும் சேர்ந்த கட்சி' என்று 2011-இல் அவர் வைத்த பெயர் குழந்தைகள் வாயில்கூடப் புழங்கியது. அவருடைய ஊழல் எதிர்ப்பு நிதியம் நிலப் பதிவேடு, ட்ரோன் படம், நிறுவனப் பத்திரங்கள் ஆகியவற்றை வைத்து மாளிகைகளைக் காட்டியது. 2013 மாஸ்கோ மேயர் தேர்தலில் தொலைக்காட்சியின் ஆதரவு இல்லாமல் 27.24 சதவீதம் வாங்கினார். அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் அவரை நிற்க விடவில்லை.

2020 ஆகஸ்ட் 20 அன்று தோம்ஸ்க்கிலிருந்து கிளம்பிய விமானத்தில் சுருண்டு விழுந்தார். நோவிச்சோக் வகை நரம்பு நஞ்சு என்று ஜெர்மன் ராணுவ ஆய்வகம் சொன்னது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் பரிசோதனையும் அதை உறுதிசெய்தது. கிரெம்ளின் மறுத்தது. 2021 ஜனவரி 17 அன்று கைதாவோம் என்று தெரிந்தே மாஸ்கோ திரும்பினார். இரண்டு நாள் கழித்து வெளியான கருங்கடல் மாளிகை வீடியோ பத்துக் கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. மாளிகை தன்னுடையது இல்லை என்றார் புதின். திரும்பி வந்தது முட்டாள்தனம் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர்க்காரனை வீதிக்கு வா என்று அழைக்க அவருக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நெம்சோவைக் கொன்றது யார்?

2015 பிப்ரவரி 27 இரவு, போல்ஷோய் மஸ்க்வரேத்ஸ்கி பாலத்தில் நடந்து போகும்போது முதுகில் சுட்டார்கள். இரண்டு நாளில் போர் எதிர்ப்புப் பேரணி நடக்க இருந்தது. வானொலியில் அதற்கு மக்களை அழைத்துவிட்டு வந்த இரவு அது. கிழக்கு உக்ரைனில் ரஷ்யப் படை இருப்பதைப் பற்றிய அறிக்கை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு நண்பர் இல்யா யாஷினும் மற்றவர்களும் அதை முடித்து வெளியிட்டார்கள். 2017-இல் ஐந்து செச்சென்யர்களுக்குத் தண்டனை கிடைத்தது. சுட்டவர் செச்சென்யப் படைப்பிரிவு ஒன்றின் முன்னாள் அதிகாரி, அவருக்கு 20 ஆண்டு. ஏவியவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவே இல்லை. கொலைக்கு முந்தைய மாதங்களில் உள்நாட்டு உளவுத் துறையின் (எஃப்எஸ்பி) ஒரு குழு அவரைப் பின்தொடர்ந்ததாக 2022-இல் பெல்லிங்கேட், பிபிசி உள்ளிட்ட ஊடகங்கள் பயணப் பதிவுகளை வைத்து எழுதின.

இவ்வளவு ஆதரவு இருந்தால் தேர்தலில் நின்று காட்டலாமே?

நிற்பதற்கான வாசலிலேயே தடுக்கிறார்கள். கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நிற்க, அந்தக் கட்சி டூமாவில் இல்லையென்றால், ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும். சுயேச்சைக்கு மூன்று லட்சம். ஒவ்வொரு கையெழுத்தையும் 'நிபுணர்கள்' சோதிப்பார்கள். 2024-இல் போரிஸ் நதேஜ்தின் உக்ரைன் போரை நிறுத்துவேன் என்பதை முதன்மை வாக்குறுதியாக வைத்து வந்தார். ஒரு காலத்தில் நெம்சோவுக்கும் கிரியென்கோவுக்கும் உதவியாளராக இருந்தவர். ஜனவரிக் குளிரில் மக்கள் அவருக்குக் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். போரைப் பற்றித் தெருவில் வாய் திறந்தால் கைது என்றிருந்த நாட்டில், சட்டப்படி 'வேண்டாம்' என்று சொல்ல அந்த வரிசை ஒன்றுதான் வழி. கொடுத்த 1,04,734 கையெழுத்தில் 9,147 செல்லாது என்றார்கள். மீதி 95,587. பிப்ரவரி 8 அன்று கதவு சாத்தப்பட்டது. மார்ச்சில் புதினுக்கு 87 சதவீதத்துக்கு மேல் வாக்கு என்று அறிவித்தார்கள்.

சின்னத் தேர்தல்களில் வேறு வித்தைகள். 2021-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் யாப்லகாவின் போரிஸ் விஷ்னெவ்ஸ்கிக்கு எதிராக இரண்டு பேர் தங்கள் பெயரையே போரிஸ் விஷ்னெவ்ஸ்கி என்று மாற்றிக்கொண்டு, அவரைப் போலவே தாடி தெரியும் படத்தோடு நின்றார்கள். நம் ஊர்த் தேர்தல்களில் ஒரே பெயர்க்காரர்களை நிறுத்தும் தந்திரம் உண்டு. முகத்தையும் நகல் எடுத்தது அங்கேதான்.

'வெளிநாட்டு முகவர்' சட்டம் என்ன செய்கிறது?

2012-இல் தொண்டு அமைப்புகளுக்கு என்று வந்தது. பிறகு ஊடகங்கள், பிறகு தனி மனிதர்கள். 2022 முதல் வெளிநாட்டுப் பணம் வாங்கியதாகக் காட்டவும் தேவையில்லை, 'செல்வாக்கு' போதும். முத்திரை விழுந்தவர் தன் ஒவ்வொரு பதிவிலும் அதை அறிவிக்க வேண்டும், வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், பள்ளியில் கற்பிக்கக் கூடாது, 2024 முதல் தேர்தலிலும் நிற்கக் கூடாது. ஸ்டாலின் காலத்துப் பலிகளின் பெயர்களைச் சேகரித்த மெமோரியல் அமைப்பு 2021 டிசம்பரில் கலைக்கப்பட்டது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். மறு வருடம் அது நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. தேர்தலைக் கண்காணித்த கோலஸ் இயக்கமும் அதன் தலைவர்களில் ஒருவருக்கு 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்ட பின், 2025-இல் தன்னைக் கலைத்துக்கொண்டது.

அப்படியே இருக்கட்டும், இவர்கள் அமெரிக்காவின் ஆட்கள்தானே?

தமிழில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதன் காரணம் எனக்குப் புரிகிறது. மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை நமக்கு உண்டு. ரஷ்யா என்றால் அமெரிக்காவுக்கு எதிர் என்பது மனதில் பதிந்துபோனது. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் பாருங்கள். சில மனித உரிமை அமைப்புகள் மேற்கத்திய நிதி வாங்கியது உண்மை. அதை மறைக்கவும் இல்லை. நவால்னியின் நிதியம் பெரும்பாலும் பொதுமக்களின் சிறு நன்கொடைகளில் நடந்தது. பணம் அனுப்பியதற்காகவே இன்று பலர் சிறையில் இருக்கிறார்கள். மேற்கில் மாளிகையும் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் வைத்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஆளும் கூட்டத்தின் பெயர்களே வரிசையாக வரும். 2012-இல் அமெரிக்கா மாக்னிட்ஸ்கி சட்டம் போட்டபோது கிரெம்ளினுக்கு ஏன் அவ்வளவு கோபம்? செர்கேய் மாக்னிட்ஸ்கி, 23 கோடி டாலர் வரிமோசடியைச் சுட்டிக்காட்டி, 2009-இல் மாஸ்கோச் சிறையில் இறந்துபோன வரி ஆலோசகர். அவர் சாவுக்குத் தொடர்புடைய அதிகாரிகள் அமெரிக்காவில் சொத்து வைக்கவும் நுழையவும் கூடாது என்றது சட்டம். அதற்காக நெம்சோவும் எதிரணி அரசியல்வாதி விளாதிமிர் காரா-முர்சாவும் வாதாடினார்கள். பதிலுக்கு டூமா செய்தது, ரஷ்ய அனாதைக் குழந்தைகளை அமெரிக்கர் தத்தெடுக்கத் தடை. தண்டனை யாருக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள்.

இவர்களுக்குள் ஏன் ஒற்றுமையே இல்லை?

உண்மையாகவே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. யாவ்லின்ஸ்கி கூட்டணிகளுக்கு எளிதில் இணங்கியதில்லை. 2012-இல் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இணையத்தில் வாக்களித்து ஒரு ஒருங்கிணைப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டில் அது கலைந்தது. நவால்னி இறந்த மறு மாதம், அவருடைய நெருங்கிய கூட்டாளி லியோனித் வோல்கோவை லித்துவேனியாவின் வில்னியஸில் வீட்டு வாசலில் சுத்தியலால் அடித்தார்கள். சில மாதம் கழித்து நவால்னியின் நிதியம், அடிக்கச் சொன்னவர் கோதர்கோவ்ஸ்கியின் பழைய கூட்டாளி நெவ்ஸ்லின் என்று குற்றம் சாட்டியது, அவர் மறுத்தார். உண்மை எதுவாக இருந்தாலும், அகதிகளாய்ச் சிதறியவர்கள் 1990களின் பங்குக் கணக்கை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இவர்கள் எங்கே?

2022 மார்ச் 4 அன்று, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. மாஸ்கோவின் எதிரொலி வானொலியை அதே வாரம் மூடினார்கள். உக்ரைனின் புச்சா நகரில் நடந்த கொலைகளைப் பற்றி யூடியூபில் பேசிய யாஷினுக்கு எட்டரை ஆண்டு. இரண்டு முறை நஞ்சிலிருந்து பிழைத்த காரா-முர்சாவுக்கு 25 ஆண்டு.

2024 ஆகஸ்ட் 1 அன்று துருக்கியின் அங்காரா விமான நிலையத்தில் கைதிகள் பரிமாற்றம் நடந்தது. யாஷின், காரா-முர்சா உட்பட 16 பேர் விடுதலையானார்கள். எதிர்ப்பக்கம் போனவர்களில் பெர்லின் பூங்காவில் கொலை செய்த வதீம் கிராசிகோவும் ஒருவர். அவரை புதின் விமான நிலையத்தில் கட்டித் தழுவி வரவேற்றார். மறுநாள் ஜெர்மனியின் பான் நகரில் யாஷின், தன்னை விருப்பத்துக்கு மாறாக நாடு கடத்திவிட்டார்கள் என்று கலங்கிச் சொன்னார். சிறையிலிருந்து விடுதலையானவர் அதற்காக அழுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

உள்ளே யாராவது மிச்சம் இருக்கிறார்களா?

அலெக்ஸி கோரினோவ் இருக்கிறார். மாஸ்கோவின் கிராஸ்னசெல்ஸ்கி வட்டார மன்ற உறுப்பினர். யாஷின் தலைவராக இருந்த அதே மன்றம். 2022 மார்ச்சில் ஒரு சாதாரணக் கூட்டத்தில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவது பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது ஓவியப் போட்டியா என்று கேட்டார். 7 ஆண்டு. அந்தச் சட்டத்தில் இப்படி உண்மையாகச் சிறைக்குப் போனவர்களில் முதலாமவர். நீதிமன்றக் கூண்டில், இந்தப் போர் உங்களுக்கு இன்னும் வேண்டுமா என்று எழுதிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். ஏற்கெனவே நுரையீரலின் ஒரு பகுதியை அறுவையில் இழந்தவர். சிறைக்குள் சக கைதிகளோடு பேசியதற்காக 2024 நவம்பரில் மேலும் 3 ஆண்டு. பரிமாற்றப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நெம்சோவ் விழுந்த பாலத்தில் பூ வைக்கும் பழக்கமும் நிற்கவில்லை. மாநகராட்சி ஊழியர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். முறை வைத்துக் காவல் நின்ற தொண்டர்கள் மறுபடி வைப்பார்கள். 2017-இல் அப்படி நின்ற ஒருவர் தாக்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தார். 2025 பிப்ரவரி 27, பத்தாம் ஆண்டு. அன்றும் ஆட்கள் பூங்கொத்தோடு பாலத்துக்கு வந்தார்கள்.